விடியக்காலை நாலரைக்கு ஆரோட கதைக்கிறாய்?

அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டது 2013 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. எனக்கு 19 வயது. ஏ லெவல் எழுதிவிட்டு, வெட்டுப்புள்ளி வரும்வரை வீட்டில் சும்மா இருந்த காலம். வெள்ளவத்தை ஃபிளாட்டின் பல்கனியில், காலி வீதியில் பஸ் சத்தம் தொடங்க முன்னமே, ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு இருட்டுக்குள் குந்தியிருக்கிறேன். தண்ணீர் குடிக்க எழும்பி வந்த அம்மாவின் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "போடா... போடா ராசா... ஐயோ, விட்டிட்டியேடா."

அம்மா அந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார். மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நான்காம் நாள் தேங்காய் துருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "பெடியன் கனடாவில என்ன செய்யிறான்?" என்றார்.

"பெடியன் ஒருத்தன் இல்லையம்மா, இருபது பேர்" என்றேன்.

அது அந்த நேரத்தில் சொல்லியிருக்கக்கூடாத பகிடி. ஆனால் கணக்கு சரி. ஐஸ் ஹொக்கியில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி உடுப்புப் போட்டு இறக்குவது 20 பேரைத்தான், அதில் இரண்டு பேர் கோல் காப்பாளர்கள். களத்தில் ஒரே நேரத்தில் ஆறு பேர். மற்றவர்கள் வாங்கில் இருந்து துடித்துக்கொண்டிருப்பார்கள்.

விளக்கியபோது அம்மாவின் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. நான் ஸ்கைப்பில் பார்த்துக்கொண்டிருந்தது ரொறன்ரோவில் பெரியம்மா வீட்டு ரீவியை. பெரியம்மா தன் கணினியை ரீவிக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்துவிடுவார். நான் அங்கே ஓடும் ஆட்டத்தை இங்கே மங்கலாக, லைற் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்கத் தெறிக்கப் பார்ப்பேன். "எனக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் கதைக்க நேரமில்லாதவ, உன்னோட மூண்டு மணித்தியாலம் இருக்கிறாவோ?" அம்மாவுக்குக் காதலன் இல்லை என்ற நிம்மதியைவிட அக்கா இப்படிச் செய்துவிட்டாரே என்ற மனத்தாங்கல்தான் பெரிதாக இருந்தது. அது இன்னும் முழுதாக ஆறவில்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொழும்பில் இருந்து ஹொக்கி பார்ப்பதில் பாதி நேரக் கணக்குத்தான். அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் எங்களுக்கு அடுத்த நாள் விடிய 5.30. மார்ச்சில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றியதும் 4.30. முக்கியமான நொக்அவுட் ஆட்டங்கள் எல்லாம் ஏப்ரலில்தான் தொடங்கும், ஆகவே எங்கள் புத்தாண்டு பிறக்கிற வெயிலில், சீலிங் ஃபானுக்குக் கீழே வியர்த்துக்கொண்டு, நாலரைக்கு எழும்பவேண்டும். எங்கள் அணியான ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் மேற்குக் கரையில் வன்கூவரோடு விளையாடினால் காலை 8.30. அப்போது நான் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் ஸ்கோர்.

இந்த ஊரில் ஹொக்கி என்றால் புல்லில் விளையாடுவது. மாத்தளைக்காரர்கள் அதற்குப் பெயர்போனவர்கள். ஐஸ் என்றால் ஐஸ் பழம், இல்லாவிட்டால் மீன்பெட்டிக்குள் உடைத்துப் போடுவது. நான் ஐஸ் ஹொக்கி பார்க்கிறேன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். என் அப்பாவும் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "விழுகிறதுக்கும் எழும்புறதுக்கும் சம்பளமோ?" என்று கேட்டார். அப்பாவுக்குக் கிரிக்கெட்டை விட்டால் மற்றதெல்லாம் உடற்பயிற்சி.

பெரியம்மா 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர். ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடி, இரவு நேரப் பொதி கட்டுற வேலை, சனி இரவு மட்டும் ஓய்வு. யாரோ வெளியே தூக்கி வைத்துவிட்டுப் போன ரீவி ஒன்று இருந்தது, அதில் தெளிவாக இழுத்தது இரண்டு சனல். சனி இரவு அதில் ஒன்றில் ஹொக்கிதான் போகும். ஆங்கிலம் விளங்காது, விதி விளங்காது, வெளியே மைனஸ் இருபது. "வேற என்ன செய்யிறது, பார்த்தன்" என்பார். 1993இல் மேப்பிள் லீஃப்ஸ் இறுதிச் சுற்றுக்கு ஒரு படி கீழேவரை வந்து, லொஸ் ஏஞ்சல்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. அதற்கு முந்திய ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் லொஸ் ஏஞ்சல்ஸின் கிறெட்ஸ்கியின் மட்டை லீஃப்ஸின் டக் கில்மரின் தாடையில் பட்டு இரத்தம் வந்தது, நடுவர் தண்டனை கொடுக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அதே கிறெட்ஸ்கி வெற்றி கோலைப் போட்டார். முப்பது வருடம் கடந்துவிட்டது. பெரியம்மா இன்றைக்கும் அந்த நடுவரைத் திட்டுகிற மாதிரி ஊரில் காணியை எடுத்துக்கொண்டவர்களைக்கூடத் திட்டியதில்லை.

வர்ணனை விளங்காததால் பெரியம்மா தனக்கென்று ஒரு தமிழ் செய்து வைத்திருந்தார். நான் ஹொக்கி படித்தது அந்தத் தமிழில். ஆடுகிற அந்தக் கறுத்த றப்பர் வில்லை, பக், அவருக்கு வடை. கோல் காப்பாளர் கதவுக்காரன். தண்டனை பெற்றவர் இரண்டு நிமிடம் போய் இருக்கிற இடம் கூண்டு. ஒரு ஆள் கூண்டுக்குள் இருக்க மற்ற அணி நெருக்குகிற நேரம் ஆள் குறைச்சல். இடைவேளையில் ஒரு பெரிய வண்டி வந்து பனித்தளத்தின் மேற்பரப்பைச் சுரண்டி, சுடுதண்ணீர் விட்டுச் சமன் செய்துகொண்டு போகுமே, சம்போனி, அது வந்தால் "மெழுகினம்" என்பார். ஊரில் சாணி கரைத்துத் திண்ணை மெழுகிய கைக்கு அது அப்படித்தான் தெரிந்திருக்கிறது. (சுடுதண்ணீர் ஏன் என்றால், அது கீறல்களுக்குள் இறங்கி, மேல் பனியைக் கொஞ்சம் இளக்கி, கீழ்ப் பனியோடு சேர்ந்து இறுகும். மெழுகல்தானே.) தன் பாதியில் நெருக்கடி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மறு கரைக்கு அடித்து விடுவதை ஐசிங் என்பார்கள், பெரியம்மாவுக்கு அது "பயத்தில அடிக்கிறது". எதிரணியின் எல்லைக் கோட்டை வடை தாண்ட முன்னம் ஆள் தாண்டினால் ஒஃப்சைட். அதை எனக்கு அவர் விளக்கியது ஒரே வரியில்: "மாப்பிள்ளை வர முதல் பந்தியில குந்தக்கூடாது."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை. கனடாவில் ஹொக்கிக்குப் பஞ்சாபியில் வர்ணனை இருக்கிறது, 2008இல் தொடங்கியது. தமிழில் வந்தால் பெரியம்மாவைத்தான் கூப்பிடவேண்டும்.

சரி, ஏன் பிடித்தது? இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவளுக்கு முதலில் பிடிபட்டது அதன் அவசரம். யாரும் காத்திருப்பதில்லை. ஒரு ஆட்டக்காரர் களத்தில் நிற்பது முக்கால் நிமிடம் போல, அதற்குள் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, ஆட்டம் நிற்காமலே, வேலியைத் தாண்டி வாங்குக்கு விழ, இன்னொருவர் அதே வேலியைத் தாண்டிக் குதிப்பார். ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்குகிற மாதிரி. கொழும்புக்காரிக்கு அது விளங்காதா? அப்புறம் சத்தம். சப்பாத்துக் கத்தி பனியைக் கீறுகிற சத்தம், பலகை வேலியில் உடம்பு மோதுகிற சத்தம், வடை கோல் கம்பியில் பட்டுத் தெறிக்கிற அந்த ஒரு "டிங்". 150 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வருகிற ஒன்றுக்கு முன்னால் வேண்டுமென்றே உடம்பைக் குறுக்கே போட்டுப் படுப்பார்கள். இப்படி எல்லாம் செய்துவிட்டும் பெரும்பாலான தாக்குதல்கள் ஒன்றுமில்லாமல் முடியும். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி ஆடி, மொத்தமாக 2-1. எனக்கு அது பிடித்திருந்தது.

பிடித்த ஆட்டம் சரி, பிடித்த அணிதான் பிழை. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக லீகின் பெரிய பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது 1967இல். அம்மா என்னைப் பிடித்த அந்தச் செவ்வாய் காலை, பொஸ்டனோடு ஏழாவது ஆட்டம். மூன்றாம் பகுதியில் லீஃப்ஸ் 4-1 என்று முன்னால். பெரியம்மா எழும்பிப்போய்ச் சாமி விளக்கைக் கொளுத்தினார், நான் ஸ்கைப்பில் கண்டேன், அதுதான் ராசியில்லாமல் போனது என்று இன்றுவரை சொல்கிறேன். ஒன்று போனது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு போனது. மேலதிக நேரத்தில் கடைசியும் போனது, 5-4. வெளியே பால்காரன் மணி. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் ரீவியை நிறுத்தினார், கறுத்த திரையில் அவருடைய உருவம் மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகும் பொஸ்டனிடம் 2018, 2019, 2024 என்று மூன்று தடவை ஏழாவது ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். தோற்றுவிட்டோம் என்றுதான் எழுத வருகிறது, தோற்றார்கள் என்று இல்லை.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம். பன்னிரண்டு வருடமாக நான் ஹொக்கி பார்க்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வருகிற முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆர் பழக்கினது?" அந்த "ஆர்" ஒரு ஆண். அண்ணாவா, கனடாவில் இருக்கிற யாராவதா, பழைய காதலனா? பெரியம்மா என்றால் நம்பமாட்டார்கள், "பெரியப்பாவா?" என்று திருத்திக் கேட்பார்கள். பெரியப்பா ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிற மனுசன். ஒரு பெண் தானாக ஒரு விளையாட்டை விரும்பியிருப்பாள் என்பது ஆட்களுக்குக் கணக்கில் வராது, வங்கிக் கடனுக்குக் கேட்பது மாதிரி விருப்பத்துக்கும் ஒரு பிணையாள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் ஆறு வருடம் வலைப்பந்து விளையாடினேன். இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கம் கூடைக்குக் கீழே நின்றால் பந்து வேறெங்கும் போகாது என்று வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். ஒருவரும் யார் பழக்கினது என்று கேட்டதில்லை. அது எங்களுக்கென்று ஒதுக்கித் தந்த விளையாட்டு.

இரண்டாவது கேள்வி பரீட்சை. ஒஃபிஸில், விருந்தில், எங்கே என்றாலும், ஹொக்கி ஒரு ஆட்டம்கூடப் பார்த்திராதவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். மூன்றாவது, சிரித்துக்கொண்டு: "எந்தப் பிளேயர் வடிவு?" லீஃப்ஸின் நைலாண்டர் வடிவுதான், மறைக்க ஒன்றுமில்லை, தலைமயிர் ஒன்றே போதும். ஆனால் அவர் எதிரணி எல்லைக்குள் வடையைக் கொண்டு நுழைகிற விதத்தைப் பற்றி நான் அரைமணித்தியாலம் பேசத் தயார், கேட்கத்தான் ஆளில்லை. கொஹ்லியை ரசிக்கிற ஆண்பிள்ளைகளிடம் யாராவது அவருடைய தாடியைப் பற்றிக் கேட்கிறார்களா என்ன.

இந்தப் பரீட்சையின் உச்சம் 2019இல். ஒரு கலியாணப் பேச்சு. மாப்பிள்ளைக்கு ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் வீடு, ஐடி வேலை, நல்ல குடும்பம், சாதகம் பொருத்தம். வட்ஸ்அப் வீடியோவில் பேசினோம், அவர் பக்கத்தில் அவருடைய அம்மா, என் பக்கத்தில் கமராவுக்கு வெளியே என் குடும்பம் முழுவதும். "பிள்ளைக்கு ஹொக்கி எண்டா உயிர்" என்று அப்பா இடையில் ஒரு தகுதி மாதிரி எடுத்துவிட்டார், கனடா மாப்பிள்ளைக்கு அது பிடிக்கும் என்று நினைத்திருப்பார். மாப்பிள்ளை முகத்தில் அந்தச் சிரிப்பு. எனக்கு அது தூரத்திலேயே தெரியும். "ஓ, நீங்களும் லீஃப்ஸா? அப்ப ஒஃப்சைட் எண்டா என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"மாப்பிள்ளை வர முதல் பந்தியில குந்தக்கூடாது."

வேண்டுமென்று சொல்லவில்லை, உண்மையாகவே எனக்கு அந்த விளக்கம்தான் வாயில் வரும். முதலில் சிரித்தது அவருடைய அம்மா. அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தரகர் வழியாகப் பதில் வந்தது, பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளமாம். ஐசிங்கையும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பயத்தில் அடிப்பது என்று சொல்லியிருப்பேன்.

அதே கையோடு இதையும் சொல்லவேண்டும். போன வருடம் ஒஃபிஸுக்குப் புதிதாக வந்த ஒரு பிள்ளை தனக்கு உதைபந்தாட்டம் விருப்பம் என்றது. என் வாயிலிருந்து வந்தது: "ஒஃப்சைட் தெரியுமா?" சொல்லி முடிய முன்னமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை பாவம், முழுதாக விளக்கியது.

ஸ்டான்லி கிண்ணத்தின் கதையே இந்த விஷயத்தில் ஒரு பகிடி. 1892இல் அதைக் கொடுத்தவர் கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ஸ்டான்லி பிரபு. அவருடைய மகள் இசபெல் ஹொக்கி விளையாடியவர். ஒட்டாவாவில் ஆளுநர் மாளிகைப் பனித்தளத்தில் நீளமான வெள்ளை உடுப்போடு அவர் மட்டை பிடித்து நிற்கிற ஒரு படம் இருக்கிறது, 1890ஐ ஒட்டியது. அவரும் சகோதரர்களும் அந்த விளையாட்டில் பித்துப் பிடித்துக் கிடந்ததுதான் தகப்பனையும் இழுத்தது என்பார்கள். ஆக "ஆர் பழக்கினது?" என்று ஸ்டான்லி பிரபுவிடம் கேட்டிருந்தால் மகளையும் கைகாட்டியிருக்க வேண்டும். அந்தக் கிண்ணத்தில் ஒரு பெண்ணின் பெயர் முதல் முதலாகப் பொறிக்கப்பட்டது 1954இல்தான், டெட்ராயிட் அணியின் நிர்வாகத் தலைவராக இருந்த மார்கரீட் நொறிஸ்.

எனக்குப் பிடித்தது அபி ஹொஃப்மன் கதை. 1955, ரொறன்ரோ. பெண்பிள்ளைகளுக்கு அணி இல்லை என்பதால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை "அப்" ஹொஃப்மன் என்று பெயர் கொடுத்து ஆண்பிள்ளைகளின் லீகில் சேர்ந்துவிட்டது. தடுப்பாட்டக்காரி. நன்றாக விளையாடியது, அதுதான் வினை: தெரிவு அணிக்கு எடுக்க, பிறப்புச் சான்றிதழைப் பார்க்க, விஷயம் வெளியே வந்துவிட்டது. சுமாராக விளையாடியிருந்தால் பிடிபட்டிருக்காது. அபி பிறகு ஓட்டப் பந்தயத்துக்குப் போய் நான்கு ஒலிம்பிக்கில் ஓடினார். ஐஸ் ஹொக்கியில் பெண்களுக்கு ஒலிம்பிக் வந்தது 1998இல், நகானோவில்.

2022 மே மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. மே 9ஆம் திகதி கொழும்பில் போராட்டக்காரர்கள் தாக்கப்பட்டு, நாடெங்கும் கலவரம் வெடித்தது எல்லோருக்கும் தெரியும். ஊரடங்கு. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மின்சாரம் வந்து வந்து போகும். அந்த வாரத்தில்தான் லீஃப்ஸ் தம்பா பே அணியோடு முதல் சுற்று. ஐந்தாவது ஆட்டம் எங்களுக்கு 11ஆம் திகதி விடிய. காலி வீதியில் ஒரு ஓட்டோகூட இல்லை, கடல் சத்தம் ஃபிளாட்டுக்குள் கேட்டது, இத்தனை வருடம் இருந்தும் அந்த வீட்டில் நான் அதைக் கேட்டதில்லை. ஃபோனில் 40 வீதம் சார்ஜ், எப்போது மின்சாரம் வரும் என்று தெரியாது. பெரியம்மா படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்தார், பற்றரி நிற்கும் என்று. அப்படி ஒரு ஆட்டம் முழுவதும் நான் இருட்டில் படுத்துக்கொண்டு கேட்டேன். "வடை மூலைக்க. இடி. எழும்பீட்டான். ஆள் குறைச்சல் இப்ப. ஐயோ வடை எங்க, காணேல்ல, ஆ, கதவுக்காரன் பிடிச்சிட்டான்." 2-0 என்று பின்னுக்கு நின்று 4-3 என்று வென்றார்கள். கத்தமுடியாது, பக்கத்து வீடுகள் எல்லாம் பயந்து கிடக்கிற நேரம். தலையணையைக் கடித்துக்கொண்டேன். ஏழாவது ஆட்டம் 15ஆம் திகதி, வெசாக் காலை. 2-1 என்று தோற்றோம். எண்ணெய் இல்லாத வருடம், வெளிச்சக்கூடுகளும் குறைவு.

அதே மாதம் கனடாவில் இன்னொரு செய்தி. 2018இல் இளையோர் தேசிய அணி ஆட்டக்காரர்கள் தன்னைப் பாலியல் வன்முறை செய்தார்கள் என்று ஒரு பெண் தொடுத்த வழக்கை, அங்கே ஹொக்கியை நிர்வகிக்கிற ஹொக்கி கனடா அமைப்பு சத்தமில்லாமல் பணம் கொடுத்து முடித்திருந்தது. இப்படியான கோரிக்கைகளுக்குக் கொடுக்கவென்றே ஒரு நிதி இருந்தது, அதில் சிறுவர்களின் பதிவுக் கட்டணமும் சேர்ந்திருந்தது. ஒக்டோபரில் நிர்வாக சபை முழுவதும் விலகியது. பிறகு ஐந்து ஆட்டக்காரர்கள் மீது வழக்கு நடந்து, 2025 ஜூலையில் ஐவரும் குற்றவாளிகள் இல்லை என்று தீர்ப்பு. பெரியம்மாவின் பேரன் ஸ்காபரோவில் விளையாடுகிறவன், அவனுக்குப் பதிவுக் காசு கட்டுவது பெரியம்மா. "என்ர காசும் அதுக்க போயிருக்கு" என்றார். அந்த வருடம் சீசன் தொடங்கியபோது முதல் மூன்று வாரம் அவர் ரீவியைப் போடவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு போட்டார். ஏன் போட்டார் என்று நான் இன்னும் கேட்கவில்லை, நான் ஏன் பார்த்தேன் என்று என்னிடமும்தான்.

இடையில் வடையைப் பற்றி. 2017இல் ஒரு கலியாணத்துக்கு வந்தபோது பெரியம்மா எனக்கு உண்மையான ஒரு பக் கொண்டுவந்தார், காலுறைக்குள் சுற்றி, சொக்லேட்டுக்கு நடுவில். மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு, கையில் எடுத்தால் நினைத்ததைவிடப் பாரம். ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரூட்டி வைப்பார்கள், இல்லாவிட்டால் றப்பர் துள்ளும். வாழ்நாளில் பனித்தளத்தைக் கண்ணால் கண்டிராத எனக்கு அந்தக் குளிரையாவது பிடித்துப் பார்க்க ஆசை வந்து, ஃப்ரீசரில் அறக்குளா மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த நாள் அம்மா அதைப் பழைய தொதல் என்று நினைத்துக் கத்தியை வைத்து அழுத்தியிருக்கிறார். விளிம்பில் அந்த வெட்டு இன்னும் இருக்கிறது.

2024 ஜனவரி 1, பெண்களின் தொழில்முறை லீகின் முதல் ஆட்டம். ரொறன்ரோவும் நியூ யோர்க்கும், பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில். லீஃப்ஸ் 1999வரை ஆடிய இடம் அது. இப்போது கீழ்த்தளம் சுப்பர்மார்க்கெட், மேலே பனித்தளம். பழைய தளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தைக் கடைக்குள் ஒரு சிவப்பு வட்டத்தால் குறித்து வைத்திருக்கிறார்கள். பெரியம்மா ஒருமுறை அந்த வட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினார், பின்னால் ஆட்கள் தள்ளுவண்டியோடு விலகிப் போகிறார்கள். அந்த முதல் ஆட்டத்துக்கு ரிக்கெட் கிடைக்கவில்லை, யூடியூபில் பார்த்தோம். அங்கே பகல், எங்களுக்கு இரவு, முதல் தடவையாக மனுசர் விழித்திருக்கிற நேரம். அணிகளுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை, சட்டையில் ஊர்ப் பெயர் மட்டும். எல்லா ஷெல்டன் நியூ யோர்க்குக்கு முதல் கோலைப் போட்டார்.

அம்மா பூட்டுச் சரிபார்க்க வந்தவர், திரையில் தலைக்கவசத்துக்குக் கீழே பின்னல் ஒன்று பறந்ததைக் கண்டு நின்றார். "பொம்பிளைப் பிள்ளையளே?" ஓம் என்றேன். ஒருத்தி இன்னொருத்தியைப் பலகையோடு சேர்த்து இடித்தாள். அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். முதற்பகுதி முடியும்வரை இருந்தார், அதற்குள் ஒரே ஒரு கேள்வி: "தாய் தகப்பன் ஒண்டும் சொல்லாதுகளோ?" ரொறன்ரோ 4-0 என்று தோற்றது. அங்கேயும் ரொறன்ரோ ரொறன்ரோதான்! அந்த சீசனில் புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வந்தார்கள், முதலாவது வருகிற அணி அரையிறுதி எதிரியைத் தானே தெரிவு செய்யலாம் என்று ஒரு விதி, கடைசியாக உள்ளே வந்த மினசோட்டாவைத் தெரிவு செய்து, ஐந்தில் முதல் இரண்டையும் வென்று, மிச்சம் மூன்றையும் தோற்று, மினசோட்டா போய் அந்த லீகின் கிண்ணத்தையும் தூக்கியது. சாதகம் பார்த்துச் செய்த கலியாணம் மாதிரி என்று பெரியம்மா சொன்னார். ஆனால் அந்த வருட ஏப்ரலில் மொன்றியலில் ஒரு ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஆட்களின் முகங்களை நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மாக்களும் பிள்ளைகளுமாக.

பெரியம்மாவுக்கு இப்போது 71. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கெதியாக நித்திரை வந்துவிடுகிறது. கணினி போய் ஃபோன் வந்துவிட்டது, அதைச் சீனிப் பேணியில் சாய்த்து ரீவியைப் பார்க்க வைப்பார், மூன்றாம் பகுதியில் அவருடைய குறட்டைதான் வர்ணனை. போன கிழமை அப்படி ஃபோன் சரிந்து விழுந்துவிட்டது. 3-3, ஆறு நிமிடம் மிச்சம், எனக்குத் தெரிவது ஸ்காபரோ வீட்டு முகடு மட்டும். வேறு வழியில் ஸ்கோரைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சனக்கூட்டத்தின் சத்தம் ஏறி இறங்குவதை வைத்து வடை எந்தப் பக்கம் என்று ஊகித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பிளேன்ரீயோடு பல்கனிக்கு வந்தார். "ஆர் வெல்லுறது?"

"தெரியேல்லயம்மா. பெரியம்மான்ர முகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன்."

பக்கத்துக் கதிரையில் இருந்து, என் மற்ற இயர்ஃபோனை வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த முகட்டைப் பார்த்தோம். குறட்டை ஒன்று நீளமாக இழுத்து, நின்று, திரும்பத் தொடங்கியது.

"சின்னனில இருந்தே இப்பிடித்தான்" என்றார் அம்மா. "எனக்குப் பக்கத்திலதானே படுக்கிறவ."